வெட்டினால் இரண்டாகும் உயிர்கள்: ஹைட்ராவுக்கும் பிளனேரியாவுக்கும் முடிவது நமக்கு ஏன் முடியவில்லை?

உயிரியல் வகுப்பில் பிளனேரியா பாடம் வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், அந்தப் புழுவை வெட்டினா ரெண்டா ஆகுதுன்னா, நமக்கு விரல் போனா மட்டும் ஏன் சார் முளைக்க மாட்டேங்குது?" வகுப்பே சிரிக்கும். பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

உண்மையில் இது சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கேள்வியே அல்ல. 280 ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி. முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், கடந்த சில பத்தாண்டுகளில் கிடைத்திருக்கும் பாதி விடையே ஆச்சரியம் தரக்கூடியது.

பாடப்புத்தகத்தில் 'இழப்பு மீட்டல்' ஒரு தலைப்பு. 'பாலிலா இனப்பெருக்கம்' இன்னொரு தலைப்பு. முதலாவது, இழந்த உறுப்பை மறுபடி வளர்த்துக்கொள்வது. இரண்டாவது, ஆண், பெண் சேர்க்கை இல்லாமல் ஓர் உயிரே இன்னோர் உயிரை உருவாக்குவது. தேர்வுக்கு இரண்டையும் தனித்தனியாகப் படிக்கலாம். ஹைட்ராவுக்கும் பிளனேரியாவுக்கும் அந்தப் பிரிவினை தெரியாது. அவற்றைப் பொறுத்தவரை காயம் ஆறுவதும் பிள்ளை பெறுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. கடைசி பெஞ்ச் கேள்விக்கான விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

குட்டைத் தண்ணீரில் கிடைத்த குழப்பம்

1740-ம் ஆண்டு. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தை ஒட்டிய சோர்க்ஃப்ளீட் பண்ணை மாளிகையில் ஒரு பிரபுவின் இரண்டு மகன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஆபிரகாம் டிரெம்ப்ளே. ஜெனீவாக்காரர். வயது 30. பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டுவதற்காகக் குட்டையிலிருந்து நீர்ச்செடிகளை எடுத்து வந்து கண்ணாடிக் குடுவையில் போட்டு வைப்பது அவர் வழக்கம்.

அப்படி ஒரு குடுவையில் பச்சை நிறத்தில் சின்னஞ்சிறு குழல் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தலைமாட்டில் நூல் நூலாகக் கைகள். பார்த்தால் செடி மாதிரி. குடுவையை ஆட்டினாலோ சுருங்கிக்கொள்கிறது. குட்டிக்கரணம் போட்டு இடம் மாறுகிறது. இது செடியா, பிராணியா?

டிரெம்ப்ளே ஒரு சோதனை யோசித்தார். செடியை வெட்டி நட்டால் துளிர்க்கும்; பிராணியை வெட்டினால் சாகும். வெட்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். 1740 நவம்பர் 25 அன்று குறுக்கே வெட்டினார். சில நாட்களில் தலைப் பகுதிக்கு அடிப்பகுதி வந்தது. அடிப்பகுதிக்குத் தலையும் கைகளும் முளைத்தன. இரண்டும் தனித்தனியாக நடமாடின, இரை பிடித்துத் தின்றன.

சோதனையின் கணக்குப்படி அது செடி. ஆனால், இரை பிடித்துத் தின்னும் செடியா? குழம்பிப்போன டிரெம்ப்ளே, பாரிஸில் இருந்த புகழ்பெற்ற இயற்கை ஆய்வாளர் ரெயோமூருக்குக் கடிதம் எழுதினார். பிறகு உயிரோடு சில மாதிரிகளையும் அனுப்பினார். ரெயோமூர் அது பிராணி என்று உறுதியாகச் சொன்னார். ஐரோப்பா முழுக்க இதே பேச்சானது. 'பிராணிக்கு ஓர் ஆன்மா உண்டென்றால், உடலை வெட்டும்போது ஆன்மாவும் இரண்டாகிறதா?' என்று தத்துவவாதிகள் மோதிக்கொண்டார்கள். லண்டன் ராயல் சொசைட்டி 1743-ல் டிரெம்ப்ளேவுக்கு கோப்லி பதக்கம் அளித்தது.

தலையை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கப் புராண அரக்கனின் பெயரை இந்த உயிரினத்துக்குச் சூட்டியவர் லின்னேயஸ். அதுதான் ஹைட்ரா.

ஹைட்ராவின் உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஹைட்ராவின் உடல் மிக எளிமையானது. இரண்டு அடுக்கு செல்களால் ஆன ஒரு குழல். மேலே வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். கீழே ஒட்டிக்கொள்ள ஒரு பாதம். மூளை கிடையாது, வலை போலப் பரவிய நரம்பு செல்கள் மட்டும் உண்டு.

இந்தக் குழலின் நடுப்பகுதியில் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டெம் செல் என்பது இன்ன வேலைக்கு என்று இன்னும் ஒதுக்கப்படாத செல். நரம்பாகவோ, சுரப்பியாகவோ, வேறொன்றாகவோ மாறும் வாய்ப்பு அதற்குத் திறந்தே இருக்கும். புதிதாக உருவாகும் செல்கள் பழையவற்றை மேலேயும் கீழேயும் தள்ளுகின்றன. உணர்கொம்பின் நுனிக்கும் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தவை உதிர்ந்துவிடுகின்றன. வெட்டே படாத ஹைட்ராவும் சில வாரங்களில் தன் உடலைப் பெரும்பாலும் புதுப்பித்துவிடும்.

சரி, சாப்பாடு நன்றாகக் கிடைத்து, உதிர்வதைவிட அதிகமாக செல்கள் உற்பத்தியானால்? உபரியாகும் செல்கள் பக்கவாட்டில் ஒரு மொட்டாகப் புடைக்கின்றன. அந்த மொட்டுக்கு வாயும் உணர்கொம்பும் முளைக்கும். சில நாட்களில் அது கழன்றுபோய்த் தனி ஹைட்ராவாகிவிடும். பாடப்புத்தகம் 'மொட்டு விடுதல்' என்று சொல்வது இதைத்தான். தலையை வெட்டினால் புதுத் தலை வருவதும் இதே செல்களால், இதே முறையில்தான். ஒரு வேலை வெட்டின இடத்தில் நடக்கிறது. இன்னொன்று வெட்டாத இடத்தில் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த இடத்தில் தலை வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? 1909-ல் எதெல் பிரவுன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவி இதற்கு ஒரு சோதனை செய்தார். ஒரு ஹைட்ராவின் வாய்ப் பகுதியிலிருந்து சின்னத் துணுக்கை எடுத்து இன்னொரு ஹைட்ராவின் இடுப்பில் ஒட்டினார். அங்கே இரண்டாவது தலையோடு புது உடலே கிளம்பியது. பச்சை ஹைட்ராவையும் நிறமற்ற ஹைட்ராவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால் இன்னொன்றும் தெரிந்தது. ஒட்டிய துணுக்கு மட்டும் வளரவில்லை. சுற்றியிருந்த செல்களையும் வேலைக்குக் கூப்பிட்டு உடலைக் கட்டியிருக்கிறது.

இதே கருத்தை நியூட் என்ற இருவாழ்வியின் கருக்களில் 1924-ல் காட்டியதற்காக ஹான்ஸ் ஸ்பேமனுக்கு 1935-ல் நோபல் பரிசு கிடைத்தது. 15 ஆண்டுகளுக்கு முன்பே அதை ஹைட்ராவில் காட்டிய மாணவியின் பெயர் பாடப்புத்தகங்களில் அரிதாகவே தென்படுகிறது.

பிளனேரியா: ஒரே ஒரு செல் போதும்

ஹைட்ராவுக்கு மூளை இல்லை, அதனால் எளிது என்று சொல்லிவிடலாம். பிளனேரியாவிடம் அந்தச் சமாதானம் எடுபடாது. இந்தத் தட்டைப்புழுவுக்குத் தலை உண்டு, மூளை உண்டு, மாறுகண் போலத் தெரியும் இரண்டு கண்கள் உண்டு, தசை உண்டு, குடல் உண்டு. வாய் மட்டும் வயிற்றுப் பக்கத்தில் இருக்கும். இத்தனையும் உள்ள ஓர் உடலைத் துண்டு போட்டால், ஒவ்வொரு துண்டும் ஒன்றிரண்டு வாரத்தில் முழுப் புழுவாகிவிடுகிறது. வால் துண்டுக்குப் புது மூளையே வருகிறது.

எவ்வளவு சின்னத் துண்டு போதும்? 1898-ல் தாமஸ் ஹண்ட் மார்கன் அளந்து பார்த்தார். உடலில் 279-ல் ஒரு பங்கு இருந்தால்கூட முழுப் புழு வந்துவிடுகிறது என்று கண்டார். இதே மார்கன்தான் பின்னாளில் பழ ஈக்களை வைத்துப் பாரம்பரியத்தில் குரோமோசோம்களின் பங்கை விளக்கி 1933-ல் நோபல் பரிசு பெற்றவர்.

வாய் இல்லாத துண்டு எப்படிச் சாப்பிடும்? சாப்பிடாது. தன் உடலையே செலவழித்துப் புது உறுப்புகளைக் கட்டும். அதனால் புதுப் புழு முதலில் சிறியதாக இருக்கும். உறுப்புகளின் அளவும் அதற்கேற்பச் சுருங்கியிருக்கும். வாய் வந்த பிறகு தின்று வளரும்.

இந்த வித்தையின் மூலதனம் நியோபிளாஸ்ட் என்ற ஸ்டெம் செல்கள். பிளனேரியாவின் உடல் செல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இவைதான். உடலில் பிரிந்து பெருகும் வேலையைச் செய்பவையும் இவை மட்டுமே. கதிர்வீச்சால் நியோபிளாஸ்ட்டுகளை அழித்துவிட்டால் புழுவால் எதையும் வளர்க்க முடியாது. சில வாரங்களில் செத்துவிடும்.

அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ரெடியன் குழு, அப்படிச் சாகக் கிடந்த புழுவுக்குள் இன்னொரு புழுவின் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தியது. அந்த ஒற்றை செல் பெருகி, எல்லா வகைத் திசுக்களையும் உண்டாக்கி, சாக இருந்த புழுவைப் பிழைக்க வைத்தது. 2011-ல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, வளர்ந்த ஓர் உடலுக்குள்ளேயே 'எதுவாகவும் ஆகக்கூடிய' செல் இருக்க முடியும் என்பதில் சந்தேகம் இல்லாமல் போனது.

பிளனேரியாவை வெட்ட ஆய்வாளரின் கத்தியும் தேவையில்லை. பாலிலா முறையில் பெருகும் இனங்கள் வால் பகுதியைத் தரையில் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, முன்பகுதியை இழுத்து, தம்மையே கிழித்துக்கொள்கின்றன. இரண்டு துண்டும் இரண்டு புழுக்கள். இங்கே காயம்தான் பிரசவம்.

வெட்டுப்பட்ட இடத்தில் தலையா, வாலா?

கட்டுமானப் பொருள் இருந்தால் மட்டும் வீடு எழும்பாது, வரைபடமும் வேண்டும். பிளனேரியாவில் எது முன், எது பின் என்ற தகவலைத் தசை செல்கள் வைத்திருக்கின்றன. வால் பக்கம் 'வின்ட்' எனப்படும் ரசாயன சமிக்ஞை பலமாக இருக்கும். தலைப் பக்கம் அடங்கியிருக்கும். அந்த சமிக்ஞையை செல்லுக்குள் கொண்டுசெல்லும் ஒரு மரபணுவை முடக்கினால், வால் வர வேண்டிய இடத்திலும் தலை வருகிறது. 2008-ல் வெளியான ஆய்வுகளில் இப்படி இரட்டைத் தலைப் புழுக்கள் உருவாயின.

இதைவிட முக்கியமானது 2013-ல் நடந்தது. எல்லாப் பிளனேரியாவும் கெட்டிக்காரப் புழுக்கள் அல்ல. சில இனங்களின் பின்பகுதியை வெட்டினால் அந்தத் துண்டுக்குத் தலை வராது; அப்படியே கிடந்து செத்துவிடும். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் ஆய்வுக் குழுக்கள் மூன்று வெவ்வேறு இனங்களில் இந்தக் குறையை ஆராய்ந்தன. வின்ட் சமிக்ஞையை அடக்கியவுடன், இயற்கையில் தலை வளர்க்கவே தெரியாத அந்தத் துண்டுகளுக்கும் தலை முளைத்தது. திறமை அழிந்துபோகவில்லை, பூட்டப்பட்டுத்தான் இருந்திருக்கிறது.

யார் பூட்டியது? பல பிளனேரியா இனங்களை ஒப்பிட்டு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு தடயத்தைத் தருகிறது. தன்னைக் கிழித்துக்கொண்டு பெருகும் இனத்துக்கு மறுவளர்ச்சி கட்டாயம். அது இல்லாவிட்டால் வம்சமே இல்லை. முட்டையிட்டுப் பெருகும் இனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதோடு, இனப்பெருக்க உறுப்புகளின் வேலைக்கும் அதே வின்ட் சமிக்ஞை தேவைப்படுகிறது. முட்டைக்காக அதைக் கூட்டி வைக்கப்போய், தலை முளைக்கும் வழி அடைபட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

மண்புழு, நட்சத்திர மீன், பல்லி

"மண்புழுவை வெட்டினா ரெண்டு மண்புழு ஆகும்" என்று சின்ன வயதில் கேள்விப்படாதவர் குறைவு. பெரும்பாலான மண்புழு இனங்களுக்கு இது பொருந்தாது. தலைப் பகுதி பிழைத்தால் வாலை ஓரளவு வளர்த்துக்கொள்ளும். வால் பகுதி துடித்துவிட்டுச் செத்துப்போகும். இரு பக்கமும் வளர்க்கக்கூடிய இனங்கள் சில உண்டு. தோட்டத்தில் மண்வெட்டியில் சிக்கும் புழு அந்த வகை என்று நினைத்துவிட வேண்டாம்.

நட்சத்திர மீனின் கை போனால் மறுபடி வளரும். ஆனால் பெரும்பாலான இனங்களில், அறுந்த கை தனி உயிராக வேண்டுமானால் நடு வட்டின் ஒரு பகுதியும் அதனோடு இருக்க வேண்டும். லின்கியா போன்ற சில இனங்களில் வெறும் கை ஒன்றே போதும்.

பல்லியின் வாலும் வளரத்தான் செய்கிறது. ஆனால், உள்ளே பழைய மாதிரி முதுகெலும்புக் கண்ணிகள் வருவதில்லை. குருத்தெலும்பால் ஆன ஒரு குழாய்தான் வரும். அறுந்த வாலோ பல்லியாவதே இல்லை.

இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உடல் முழுக்க 'இன்னும் முடிவாகாத' செல்களை வைத்திருக்கும் உயிர் துண்டிலிருந்தும் முழுசாகிறது. செல்கள் தத்தம் வேலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட உயிரால் ஓர் உறுப்பை ஒட்டுப்போட முடிகிறது. அதற்கு மேல் முடிவதில்லை.

அப்படியென்றால் ஹைட்ராவுக்குச் சாவே இல்லையா?

'சாகாவரம் பெற்ற ஹைட்ரா' என்ற தலைப்பில் சமூக வலைதளங்களில் சுற்றும் வீடியோக்கள் ஏராளம். அதில் பாதி உண்மை.

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு ஆய்வகங்களில் 2,256 ஹைட்ராக்களை 8 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. வயது கூடக் கூட இறப்பு விகிதம் கூடவில்லை. முதல் ஆண்டில் எவ்வளவு குறைவோ அதே அளவில்தான் பிறகும் இருந்தது. அதாவது அவை முதுமையால் சாகவில்லை. சாகவே மாட்டா என்று இதற்கு அர்த்தமில்லை. மீன் தின்னும், குட்டை வற்றும், நோய் வரும்.

புற்றுநோயும் வரும். ஹைட்ராவில் இயற்கையாகவே கட்டிகள் உருவாவதை ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். ஓயாமல் பெருகும் செல்களை வைத்திருப்பதற்கான விலை அது.

பாலிலா இனப்பெருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு. நிலைமை நன்றாக இருக்கும்வரை இது லாபம். துணை தேட வேண்டாம், வேகமாகப் பெருகலாம். புதிய நோயோ, தாங்க முடியாத வெப்பமோ வந்தால், ஒன்றை வீழ்த்துவது அத்தனையையும் வீழ்த்திவிடும். அதனால்தான் நெருக்கடி வரும்போது ஹைட்ராவே விந்தும் முட்டையும் உண்டாக்குகிறது. ஒரு ஹைட்ரா இனத்தைக் குளிரான நீரில் வைத்தால் இப்படிப் பால்முறை இனப்பெருக்கத்துக்கு மாறி, சில மாதங்களிலேயே நலிந்து சாகிறது. முதுமை தெரியாத உயிருக்கும் அப்போது முதுமை வந்துவிடுகிறது.

கடைசி பெஞ்ச் கேள்விக்கு விடை என்ன?

மனித உடலுக்கு மறுவளர்ச்சி அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதி பெருத்து இழந்த அளவை ஈடுகட்டுகிறது. சிறு குழந்தைகளின் விரல் நுனி நகக்கண்ணுக்கு அப்பால் துண்டிக்கப்பட்டால் மறுபடி வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. தோலும் ரத்தமும் தினமும் புதுப்பிக்கப்படுகின்றன.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. கருவான முதல் சில நாட்களில் மனிதக் கருவும் ஒருவகையில் பிளனேரியாதான். அது தற்செயலாக இரண்டாகப் பிரிந்தால், இரண்டு அரைக் குழந்தைகள் வருவதில்லை. இரண்டு முழுக் குழந்தைகள் வருகின்றன. ஒரே அச்சு இரட்டையர்கள் பிறப்பது இப்படித்தான்.

அந்தத் திறமை பிறகு எங்கே போகிறது? செல்கள் ஒவ்வொன்றும் நரம்பு, எலும்பு, தசை என வேலையைப் பிரித்துக்கொண்டு, பழைய நிலைக்குத் திரும்பும் வழியைப் பூட்டிக்கொள்கின்றன. பல பத்தாண்டுகள் வாழும் பெரிய உடலில், இஷ்டத்துக்குப் பெருகும் செல் புற்றுநோயாக மாறும் அபாயம் அதிகம். காயம்பட்டால் விரைவாக மூடித் தழும்பாக்குவது, ரத்தப்போக்கையும் கிருமியையும் தடுக்கும் வழி. விரலை மறுபடி வளர்க்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து இந்தப் பாதுகாப்பை வாங்கியிருக்கலாம் என்று கருதும் விஞ்ஞானிகள் உண்டு. நமக்குப் பூட்டு ஒன்றா, நூறா என்பதுதான் இப்போது ஆய்வகங்களில் தேடப்படும் விடை. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனத்திலும் ஹைட்ராவை வைத்து இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன.

ஒரு எச்சரிக்கை

புழுவில் ஒரு செல் செய்த அற்புதத்தைக் காட்டி, மூட்டுவலி முதல் நரம்புக் கோளாறு வரை எல்லாவற்றுக்கும் 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நல்லது. ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களுக்கு ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்துவது மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை முறையாகப் பதிவான மருத்துவப் பரிசோதனைக்குள் மட்டுமே நடக்க வேண்டும். "இது பதிவான பரிசோதனையா? அப்படியென்றால் என்னிடம் ஏன் காசு கேட்கிறீர்கள்?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

பெருகச் சொல்வது மட்டும் போதாது. எங்கே பெருக வேண்டும், என்னவாக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் செல்லுக்குத் தெரிய வேண்டும். பிளனேரியாவின் துண்டு முழுப் புழுவானதும் வளர்ச்சி அத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது கண் முளைப்பதில்லை. அந்தச் சின்னப் புழுவிடம் மருத்துவம் கற்க வேண்டிய பெரிய பாடம், வளர்ப்பதைவிட நிறுத்துவதுதான்.

அடுத்த முறை கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் கேள்வி வந்தால், ஆசிரியர் பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. "நமக்கும் ஒரு காலத்தில தெரிஞ்சிருந்தது, பிறக்கிறதுக்கு முன்னாடியே மறந்துட்டோம்" என்று தொடங்கலாம்.